ரிசர்வ் சைட்டில் ஊஞ்சல் போட்டாயிற்று

வடவள்ளி,
கோயம்புத்தூர்.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். வீதி முனையில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய ரிசர்வ் சைட் முழுப் பூங்காவாகிவிட்டது என்று உன் அம்மா போனில் சொல்லத் தொடங்கியதும், வேலை இருக்கிறது என்று நீ வைத்துவிட்டாயாம். தை மாதத்திலிருந்தே உன் பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே எழுதி அனுப்புகிறேன். ஆற அமரப் படித்துக்கொள்.

எட்டு வடிவத்தில் நடைபாதை போட்டு, அதில் ஒரு பாதிக்குக் கூழாங்கல் பதித்திருக்கிறார்கள். உடற்பயிற்சிக் கருவிகள், சறுக்கு மரம், சிறுவாணித் தண்ணீர்க் குழாய், இரவு ஒன்பது மணி வரை விளக்கு எல்லாம் உண்டு. மூன்று ஊஞ்சல்களில் ஒன்று தொட்டில் போல முன்பக்கம் தடுப்பு வைத்தது. மூன்று வயதுப் பிள்ளை விழாமல் ஆடலாம். நம் பையனுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. அங்கே நீ அவனை வெளியில் அழைத்துப் போகிறாயா? வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதே, தினமும் அரை மணி நேரமாவது அவனோடு நட.

உள்ளே நுழைந்ததும் சிமெண்டில் ஒரு காங்கேயம் காளை நிற்கிறது. முதலில் அதற்கு முழுக்க வெள்ளை அடித்திருந்தார்கள். கன்றாக இருக்கையில் செவலையாகப் பிறந்து, ஆறு மாதத்தில் மயிலை நிறத்துக்கு மாறி, காளையானதும் கழுத்தும் திமிலும் கருத்துப்போகும் மாடு அது என்று நான் சொன்ன பிறகு, ஓவியர் மறுபடியும் வந்து திமிலுக்குக் கருமை ஏற்றினார். இப்போது குழந்தைகள் பிடித்து ஏறி ஏறித் திமிலின் உச்சியில் மட்டும் வண்ணம் தேய்ந்து, அடியிலிருக்கும் சிமெண்ட் வழவழப்பாகத் தெரிகிறது. மேற்கு மதிலில் வள்ளி கும்மி ஆடும் பெண்களை வரைந்திருக்கிறார்கள். சுவர் அடியில் உப்புப் பூத்து, கடைசியில் நிற்கும் பெண்ணின் பாதம் உதிர்ந்துவிட்டது. நீ பார்த்தால் அதைத்தான் முதலில் சொல்லுவாய். எதையும் கூர்ந்து பார்க்கும் கண் உனக்குச் சின்ன வயதிலேயே இருந்தது.

காந்திபுரத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா திறந்திருக்கிறார்கள். 2010 செம்மொழி மாநாட்டின்போது அறிவித்தது, 2025 நவம்பரில்தான் திறந்தது. வ.உ.சி. 1908 முதல் 1910 வரை அடைபட்டுச் செக்கிழுத்த சிறைச்சாலையின் நிலம் அது. சென்ற மாதம் அம்மாவும் நானும் போய் வந்தோம். அவ்வளவு பெரிய இடத்தைச் சுற்றிவிட்டு வந்தும் எனக்கு நம் வீதியின் முப்பது சென்ட் பூங்காதான் மனதில் நின்றது. அதற்குக் காரணம் இருக்கிறது, அதை இன்று எழுதிவிடுகிறேன்.

மனைப்பிரிவு போடுகிறவர் பத்தில் ஒரு பங்கு நிலத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் மூன்று ஏக்கரில் முப்பது சென்ட் அப்படி விட்டது. அதில் நம் பங்காளி வேலி கட்டி மாட்டுக் கொட்டகை போட்டபோது உனக்கு ஒன்பது வயது. விளையாட இடமில்லை என்று கோடு போட்ட நோட்டுத் தாளில் பேரூராட்சித் தலைவருக்கு நீயே மனு எழுதி, பதினொரு பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி என்னிடம் கொடுத்தாய். கொடுத்துவிட்டேன், பதில் வரும் என்று சொன்னேன். நான் கொடுக்கவில்லை, அம்மிணி. அது இன்றும் பீரோவில், மனைப்பிரிவு வரைபடத்துக்குள் மடித்தபடி இருக்கிறது. நீ ஒரு மாதம் மாலைதோறும் பதில் வந்ததா என்று கேட்டாய். உறவு கெட்டுவிடுமோ என்ற பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. 2011-இல் நாம் மாநகராட்சியில் சேர்ந்த பிறகு தெருக்காரர்கள் ஒன்று கூடி, பத்திர நகல் எடுத்து அந்த இடத்தை மீட்டபோதும் நான் அவர்களோடு போகவில்லை. காளையின் நிறத்தைத் திருத்தச் சொல்லுவதற்கு எனக்கு வந்த வாய், அன்றைக்கு வரவில்லை.

அதே பங்காளி மூலமாகத்தான் உன் சம்பந்தமும் வந்தது. நிச்சயத்துக்கு முந்தைய இரவு திண்ணையில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. நீ சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை யார் முகத்தையும் பார்க்க மாட்டேன். பையனைத் தினமும் வெளியில் அழைத்துப் போ. நேரத்துக்குச் சாப்பிடு.

பூங்காவைக் காலை ஐந்தரைக்குத் திறக்கிறார்கள். ஏழு மணிக்குள் போய்விட்டால் அந்தத் தொட்டில் ஊஞ்சல் காலியாக இருக்கும், அப்பிச்சி தள்ளிவிடுவேன் என்று பையனிடம் சொல். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீங்கள் இருவர் மட்டும் வாருங்கள். மேல் அறையைக் கழுவி வைத்தாயிற்று. திரும்பிப் போக டிக்கெட் இப்போதே எடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா