லாம்பெத் தேவாலயத்தில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

எங்கள் தமிழ் முதியோர் குழு லண்டன் லாம்பெத்தில் பழைய தேவாலயம் ஒன்றில் இயங்கும் தோட்ட அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்பியது. அன்று உதவிய ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொன்னோம். இருந்தாலும் எல்லோருக்கும் தெரியும்படி எழுத வேண்டும் என்று மனது கேட்டது.

சுற்றிக் காட்டிய தன்னார்வலர் அம்மாவுக்கு முதல் வணக்கம். நாங்கள் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி முடிக்கும்வரை முகம் சுளிக்காமல் நின்றார். முற்றத்தில் டிரடெஸ்கன்ட் குடும்பத்தின் கல்லறை இருக்கிறது. அரச குடும்பத்துக்குத் தோட்டம் போட்ட அப்பாவும் மகனும் அவர்கள். ஊர் ஊராகப் போய்ச் செடி கொண்டுவந்தவர்கள். கல்லறையில் செதுக்கியிருக்கும் முதலையையும் சிப்பிகளையும் அந்த அம்மா எங்களைக் குனிந்து பார்க்கச் சொன்னார். அந்த அப்பாவும் மகனும் சேர்த்த அரும்பொருட்கள்தான் பிறகு எலியாஸ் ஆஷ்மோல் என்ற சேகரிப்பாளர் கைக்கு வந்து, 1683இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகமாயின. பக்கத்திலேயே பவுன்ட்டி கப்பல் கேப்டன் பிளையின் கல்லறை. பசிபிக் தீவான டஹிட்டியிலிருந்து ஈரப்பலாக் கன்று ஏற்றிப் போனவர் என்றதும் எங்கள் யாழ்ப்பாணத்து அம்மாமார் கல்லறையை விட்டு நகரவேயில்லை!

அந்த அம்மா சொன்னதில் என்னை உலுக்கியது கட்டடத்தின் கதை. கோபுரம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மற்ற பகுதி பெரும்பாலும் 1850களில் திரும்பக் கட்டியது. 1972இல் வழிபாடு நின்றது, அப்புறம் இடிக்க முடிவானது. டிரடெஸ்கன்ட் கல்லறையைத் தேடி வந்த ரோஸ்மேரி நிக்கல்சன், பாழடைந்து கிடந்த கோயிலைக் கண்டார். அவரும் கணவர் ஜானும் 1977இல் அறக்கட்டளை தொடங்கி இதை அருங்காட்சியகமாக்கினார்கள். அவர்கள் மட்டும் இறங்கியிருக்காவிட்டால் 2016இல் தரைக்கடியில் ஈயப் பெட்டிகளில் பேராயர்கள் உறங்குவது யாருக்குத் தெரிந்திருக்கும்? ஒரு பெட்டியின் மேல் பேராயர் அணியும் உயரமான தலையணியே (மைட்டர்) இருந்ததாம். புதுப்பிக்கும் வேலையில்தான் அந்தக் கல்லறை அறை தென்பட்டது. அந்தத் தம்பதிக்கும் எங்கள் நன்றி உரியது.

வேன் ஓட்டிய தம்பிமார், தேநீரும் நாற்காலியும் தந்த சிற்றுண்டிச் சாலையினர், உங்கள் அன்பை மறக்கமாட்டோம்.

கோபுரத்துக்கு 131 படிகள். குறுகலான சுழற்படி. முழங்கால் வலியோடும் ஏறுவேன் என்று நின்ற பெரியவர்களை முன்னும் பின்னும் நின்று, ஒவ்வொரு படியாகக் கைப்பிடித்து ஏற்றிய பிள்ளைகளே, மேலே நின்று தேம்ஸையும் பாராளுமன்றத்தையும் பார்த்தோம் என்று இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
முதியோர் குழுவின் சார்பில்