போர்ப்படத்தில் கமரா எங்கே நின்றது?

ஆசிரியர் அவர்களுக்கு,

போர்க்கால ஆவணப்படங்கள் பற்றிய தங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரை, படத்தில் பதிவானதற்கு மேல் வேறு சாட்சி வேண்டாம் என்று முடிகிறது. அதை ஏற்க முடியாது.

சுட்டபடி முன்னேறும் சிப்பாயின் முகம் நேரே தெரிந்தால், கமரா அவருக்கும் எதிரிக்கும் நடுவில் நின்றிருக்கிறது. உண்மைச் சமரில் அங்கே யார் நிற்பார்? முதலாம் உலகப் போரின்போது, 1916இல் பிரித்தானியா வெளியிட்ட 'சொம் சமர்' (The Battle of the Somme) ஆவணப்படத்தில், அகழியிலிருந்து ஏறிப் பாயும் பேர்பெற்ற காட்சி முன்னரங்குக்குப் பின்னால் நடித்து எடுத்தது. பாய்பவர்களின் முதுகில் பொதிகூட இல்லை. ஆனால் அதே படத்தில் காயக்காரரைச் சுமந்து வருவது உண்மை. இரண்டையும் ஒட்டித் தைத்திருப்பதால்தான் பார்ப்பவர் ஏமாறுகிறார்.

ஓசையும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் களத்துக்குப் போன 35 மி.மீ. கைக்கமராக்களில் ஒலிப்பதிவு கிடையாது. 100 அடிச் சுருள் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். வெடிச்சத்தம் பிறகு கலையகத்தில் சேர்த்தது. ஒரு கிலோமீற்றர் தள்ளி விழும் ஷெல்லின் சத்தம் ஏறக்குறைய மூன்று செக்கன் பிந்தித்தான் கேட்கும். புகை எழும் அதே கணத்தில் 'டமார்' என்றால் அது கைவேலை.

எங்கள் நாட்டுப் போரின் பதிவுகளுக்கு வேறொரு கேடு. சிறு வீடியோக் கமராக்களில் போட்ட மினி-டீ.வீ. (MiniDV) நாடாவில், எடுத்த திகதியும் நேரமும் படத்தோடு மறைவாகப் பதிந்திருக்கும், கமராவின் மணிக்கூடு சரியாக இருந்திருந்தால். ஃபயர்வயர் என்னும் டிஜிட்டல் கேபிளில் கணினிக்கு ஏற்றினால் அவையும் கூடவே வரும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் ஏற்றினால் படமும் சத்தமும் மட்டுமே மிஞ்சும். கோப்பு காட்டுவது ஏற்றிய நாளின் திகதி. அந்தத் திகதியை வைத்துத்தான் பிறகு சண்டை பிடிக்கிறோம். கொழும்பின் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சணம் வேறு பிடிக்கும். துப்புரவாக்காமல் ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் நாடாவுக்கும் பரவும்.

பிரித்தானிய இராணுவ ஒளிப்பதிவாளர்கள் ஒவ்வொரு சுருளோடும் இடம், திகதி, காட்சி விவரம் எழுதிய தாளொன்றை அனுப்பினார்கள். நமது தொலைக்காட்சிகள் அவ்வளவு செய்யாவிட்டாலும், எடுத்தது எந்தத் தரப்பு, எந்த ஆண்டு, ஓசை பின்னர் சேர்த்ததா என்ற மூன்றையாவது திரையோரத்தில் காட்டட்டும். நாடா வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கணினிக்கு ஏற்றியாயிற்று என்று மூல நாடாவை எறிந்துவிடாதீர்கள்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு - 06