சைக்கிள் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, நம் இலங்கை மலையகத்தின் தலவாக்கலை, லிந்துலை, கொட்டகலை, நானுஓயாப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. கூட்டக் குறிப்புகள் கோப்பில் இருக்கின்றன, விரும்பியவர்கள் எடுத்துப் பார்க்கலாம். 2022இல் பெட்ரோல் வரிசையில் நின்று அலுத்துப்போய், மூலையில் கிடந்த பழைய சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்தவர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் இது. எண்ணெய் தாராளமாகக் கிடைத்ததும் எல்லோரும் கலைந்துவிடுவோம் என்று அப்போது பலர் சொன்னார்கள். பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுத்த கியூஆர் முறையை 2023இல் நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. சங்கம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் பாடசாலைப் பிள்ளைகள் என்பதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

ஆண்டின் பெரிய நிகழ்ச்சி வண்டிக் காட்சிதான். தென்மேல் பருவமழை மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் நம் பக்கத்தை விடாது என்பதால், தைப்பொங்கல் முடிந்து வெயில் நிற்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்தோம். மைதானம் தந்த பாடசாலைக்குச் சங்கத்தின் நன்றி. பனி விலகுவதற்கு முன்பே வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. சிலர் லொறியில் ஏற்றி வந்தார்கள். அதைக் குறை சொன்ன ஓரிருவருக்கு இந்த இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்: தேயிலைத் தோட்டங்களின் மேல் டிவிஷன்களிலிருந்து இறங்கும் பாதை போன மழைக்கு அரித்தது அரித்தபடியே கிடக்கிறது. இரவெல்லாம் உட்கார்ந்து துடைத்து மினுக்கிய வண்டியை அந்தக் கல்லிலும் புழுதியிலும் ஓட்டி வா என்று யாரிடமும் கேட்க முடியாது.

ஒவ்வொருவரும் தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்பதுதான் நாம் வைத்த ஒரே விதி. எங்கே வாங்கியது, என்ன மாற்றியது, எங்கெல்லாம் ஓடுகிறது என்று சொன்னால் போதும். யாரும் ஐந்து நிமிடத்தில் முடிக்கவில்லை. யாரையும் நிறுத்தவும் இல்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா தன் தகப்பனாரின் ராலே வண்டியைக் கொண்டு வந்திருந்தார். முன்னால் கொக்குப் பறவைச் சின்னம், கம்பி பிரேக், பின் சக்கரத்தின் நடுவிலிருக்கும் குடத்துக்குள் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர். அந்தக் குடத்தின் மேல் அது செய்யப்பட்ட ஆண்டைப் பொறித்திருப்பார்கள் என்று அவர் சொன்னதும் பிள்ளைகள் சுற்றிக் குனிந்துகொண்டார்கள். அழுக்கைத் துணியால் துடைக்கத் துடைக்க 58 என்ற எண் தெரிந்தது. அவர்களில் பலருடைய தாத்தாமார் சிறுபிள்ளைகளாக இருந்த காலம் அது. துருப்பிடித்த குரோமியத்தை எப்படி இப்படி மினுங்க வைத்தீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். ஈயத்தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும் என்று அங்கேயே தன் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து செய்து காட்டினார். மதியத்துக்குள் மைதானத்தில் ஒரு சாக்லேட் தாள்கூட மிச்சமில்லை. எல்லாம் ரிம்களைத் தேய்க்கப் போய்விட்டது.

பால் சேகரிக்கும் நம் அண்ணன் முதலில் வரவே மறுத்தார். "இது பால் ஏத்துற வண்டி, இதப் போயி என்னத்தக் காட்டுறது" என்றார். தலைவர் இரண்டு தரம் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். அன்று அதிகக் கூட்டம் நின்றது அந்த லுமாலா வண்டியைச் சுற்றித்தான். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்குவதற்காகக் கரியருக்குக் கீழே இரும்பு முட்டுக் கொடுத்து வெல்டிங் பிடித்திருக்கிறார். ஸ்டாண்டையும் அகலமானதாக மாற்றியிருக்கிறார், சரிவில் நிறுத்தினால் சாயாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது பின் பல் சக்கரம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சமதரைக்கு அது நல்லது, நம் மேட்டுக்கு முழங்காலைக் கழற்றிவிடும். அண்ணன் பின்னால் 22 பல் போட்டிருக்கிறார். ஒரு மிதிக்குச் சரியாக இரண்டு சுற்று. வேகம் குறைகிறது, ஆனால் கேன் நிறைந்த வண்டியோடு ஏறிவிடலாம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடுவதற்கு ஏற்றபடி கடைக்கு வருகிற வண்டியை நம் மலைக்கு ஏற்றதாக மாற்றிய கை அவருடையது. அவர் பேசி முடித்ததும் ஆங்கிலப் பாட ஆசிரியர் தன் கியர் வண்டியை விட்டுவிட்டு வந்து அந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்.

ஆசிரியரின் வண்டியும் லேசுப்பட்டதல்ல. அலுமினியச் சட்டம், 29 அங்குலச் சக்கரம், எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக். ஒற்றை விரலால் பிடித்தாலும் நிற்கும். ஜப்பானிலிருந்து பழையதாக இறங்கிய கூடை வைத்த சைக்கிள்கள் நாலைந்து வந்தன; முன் சக்கரக் குடத்துக்குள்ளேயே டைனமோ இருப்பதால் அவற்றின் விளக்கு மழையிலும் எரியும். டயரில் உரசி ஓடும் பழைய டைனமோக்கள் ஈரத்தில் வழுக்குவதை அனுபவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அப்புறம் இளைஞர்களின் வண்டிகள். ஆரத்துக்கு ஆரம் நிற மணி, சட்டம் முழுக்கச் சின்ன விளக்குகள், ஹேண்டிலில் பாட்டுப் பெட்டி. வீண் ஆடம்பரம் என்று மூத்த அங்கத்தவர் சிலர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. நான் அப்படி நினைக்கவில்லை. பல ஆண்டுகளாக நம் தோட்டங்களில் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று மூத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். லயத்து வரிசை வீட்டு வாசலில் தனக்கென்று ஒரு வண்டி நிற்பதே ஒரு பையனுக்குப் பெரிய விஷயம். அதை நாலு பேர் பார்க்கும்படி அலங்கரித்து ஓட்டினால் அந்தச் சந்தோஷத்தில் யாருக்கு என்ன நட்டம்? அதே பையன்கள்தான் விளக்குப் பூட்டுவதற்காக வயர் இணைக்கக் கற்றுக்கொண்டு, இப்போது மற்றவர்களின் டைனமோக்களையும் இலவசமாகச் சரிபார்த்துத் தருகிறார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேசியதையும் பதிவு செய்ய வேண்டும். அவளுடைய வண்டி அம்மாச்சி கொழுந்து எடுத்துச் சீட்டுப் பிடித்த காசில் வாங்கியது. காலையில் பாடசாலைக்கு இறக்கம். மாலையில் வீட்டுக்குப் பாதித் தூரம் ஏறி ஓட்டுவாள், மீதியைத் தள்ளிக்கொண்டு போவாள். "தள்ளிக்கிட்டுப் போறதப் பாத்துச் சிரிப்பாங்க. என் சைக்கிள் எங்கூட நடந்து வருதுன்னு நான் சொல்லுவேன்" என்றாள். மைதானமே கைதட்டியது. மேட்டில் வண்டியைத் தள்ளாத ஆள் நம் சங்கத்தில் ஒருவரும் இல்லை என்பதைப் புதிய அங்கத்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

சிறந்த வண்டிக்கு ஒரு வெற்றிக் கேடயம் தர நலன்விரும்பி ஒருவர் முன்வந்தார். குழுவில் இது குறித்து நீண்ட நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் நன்றி கூறி மறுத்துவிட்டோம். போட்டி இருந்தால் அடுத்த ஆண்டு ஆர்வம் கூடும் என்ற மறுபக்கத்தின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பரிசு என்று வந்தால் விலை கூடிய வண்டிதான் நடுவர் கண்ணில் முதலில் படும். பால் வண்டி அண்ணனும் அந்த மாணவியும் அடுத்த தரம் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இன்றைய கூட்டத்தில் இந்தப் பிரேரணை மறுபடி வருவதாக அறிகிறேன். செயலாளர் என்ற முறையில் இரு தரப்பையும் எழுதிவிட்டேன். என் வாக்கு பரிசு வேண்டாம் என்பதற்குத்தான்.

சவாரிகளைப் பற்றி. சென்கிளயர், டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கம் போனதில் ஓட்டிய நேரத்தைவிடப் படம் எடுத்த நேரம் கூட. அதில் எனக்கு மனக்குறை கிடையாது, அதற்காகத்தானே போனோம். சைக்கிளைப் படம் எடுக்கும்போது செயின் இருக்கும் பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும், பெடல் கிடையாக நிற்க வேண்டும், ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். இதை ஆசிரியர் சொல்லித் தந்த பிறகு நம் படங்களே வேறு மாதிரி ஆகிவிட்டன. நல்லவற்றைத் தெரிவுசெய்து ஆல்பத்தில் ஒட்டி மேசையில் வைத்திருக்கிறோம்.

நீண்ட சவாரி நுவரெலியாவிலிருந்து பிளாக்பூல் சந்தி, அம்பேவெல வழியாகப் பட்டிப்பொலவுக்கு. அம்பேவெலப் புல்வெளியில் எதிர்க்காற்று அடித்தபோது கியர் வண்டிகளும் சாதாரண வண்டிகளும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டன. 6,226 அடி உயரத்தில், இலங்கையிலேயே மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலவில், பெயர்ப் பலகைக்குக் கீழே வண்டிகளை வரிசையாகச் சாத்தி எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். தபால்காரர் ஐயா தன் ராலேயில் முழுத் தூரமும் வந்தார். முதல் கியரில் போட்டால் மிதி கால்வாசி இலகுவாகிறது, அதுவே தனக்குப் போதும் என்றார்.

மழைக்கு முன் ஏப்ரலில் பிரேக் முகாம் நடத்தினோம். குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை சரியாகப் பிடிக்காது. முதல் சில சுற்றுகளுக்குப் பிரேக் இல்லாதது போலவே இருக்கும். மழையில் இறங்கும்போது முன்கூட்டியே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும் என்பதை ஒவ்வொருவருக்கும் ஓட்டிக் காட்டினோம். முகாமுக்கு வராத இளைஞர் ஒருவர் ஜூன் மழையில் வளைவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இப்போது குணமாகி, இதோ முன் வரிசையில் இருக்கிறார். ரதல்ல குறுக்குப் பாதையில் சங்கச் சவாரி இறங்காது என்ற தீர்மானம் தொடர்கிறது. 2023 ஜனவரியில் அங்கே நடந்த பஸ் விபத்தை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை.

பஸ் நிலையத்தருகே நம் அங்கத்தவர் ஒருவரின் வண்டி களவு போனது. முறைப்பாடு செய்யப் போனபோது வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தைக் கேட்டார்கள், அவருக்குத் தெரியவில்லை. வண்டி இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் பிறகு இலக்கப் பதிவேடு ஒன்று தொடங்கினோம். பெடல் அச்சுக்கு அடியில் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் இலக்கம் தெரியும். பழைய வண்டிகளில் சீட்டுக்குக் கீழேயும் இருக்கலாம். இன்னும் பலர் தரவில்லை. தயவுசெய்து இன்றே வண்டியைக் கவிழ்த்துப் பார்த்து எழுதிக் கொடுங்கள்.

வாணி விழாவுக்குக் கோயில் முன்றலில் வண்டிகளை நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூசை செய்தோம். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தத்தைக் கேட்கச் சிங்கள, முஸ்லிம் நண்பர்களும் தங்கள் வண்டிகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். சர்க்கரைப் பொங்கல் போதவில்லை. அடுத்த முறை கூடுதலாகச் செய்ய உபயகாரர் இணங்கியிருக்கிறார்.

வரும் ஆண்டுக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. நகரில் சைக்கிள் பூட்டி வைக்க ஒரு இரும்புத் தாங்கி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை, நேரில் போக வேண்டும். 20, 22 பல் சக்கரங்களை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கே கொடுக்கக் குழு விரும்புகிறது, தேவையானவர்கள் பெயர் தரவும். காட்சிக்குத் தார்ப்பாய்ப் பந்தல் வேண்டும், போன தடவை மத்தியான வெயிலில் பிள்ளைகள் சிரமப்பட்டார்கள்.

சந்தா நிலுவை உள்ளவர்கள் பொருளாளரைச் சந்திக்கவும். அறிக்கை மீதான கேள்விகளுக்குப் பிறகு பரிசுப் பிரேரணையும், அதைத் தொடர்ந்து புதிய நிர்வாகத் தெரிவும் நடைபெறும்.

செயலாளர்