பூங்கா மரங்களுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வீழ்த்திய மரங்களைப் புதுச்சேரியும் கடலூரும் மறக்கவில்லை. எஞ்சியவற்றையாவது காப்பாற்ற, பாரதி பூங்காவில் தொடங்கி எல்லாப் பூங்காக்களிலும் மரந்தோறும் எண் கொடுத்து, வகை, உயரம், மார்பளவு உயரத்தில் அடிமரச் சுற்றளவு, பொந்து, சாய்வு ஆகியவற்றைப் பதிவு செய்து, பணமதிப்பும் குறிக்க வேண்டுகிறேன். ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய் என உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழுவே கணக்கிட்டிருக்க, நாம் விறகு விலையை மட்டும் பார்ப்பது வேதனை தருகிறது. எங்கள் தெருமுனைப் பூங்காவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் தண்ணீர் இறங்க வழியின்றிச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். விளம்பரத் தட்டி மாட்ட மரத்தில் அறைந்த ஆணியைச் சுற்றிப் பட்டை கறுத்து வீங்கியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கணக்கெடுப்பு முடிந்தால், பட்டுப்போன கிளைகளை மட்டும் கழித்து மரத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.