டோக்கனைத் திரும்ப வாங்குங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலை உரிமையாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு 11 ஆண்டுகளாக இணையத்தில் டெண்டர் ஏற்றிக் கொடுத்துவருகிறேன். போன மாதம் வேறோர் அலுவலகத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார்கள். உள்ளே முப்பதுக்கு மேல் டிஎஸ்சி டோக்கன்கள், அதாவது கணினியில் செருகி டிஜிட்டல் கையொப்பம் போடும் சின்னக் கருவிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை ஸ்டிக்கர். அதில் உரிமையாளர் பெயர், பெயருக்குக் கீழே பேனாவால், டோக்கனைத் திறக்கும் ரகசிய எண்ணான பின் (PIN) எண். ஐந்தாறு பேர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்.

நிலம் எழுதப் பத்திர அலுவலகம் போனால் "இவர்தான் அவர்" என்று சொல்ல இரண்டு சாட்சிகள் வேண்டும். டிஜிட்டல் கையொப்பத்துக்கும் அப்படித்தான். டோக்கனுக்குள் இருந்து கையொப்பம் போடும் ரகசியச் சாவி வெறும் எண்தான். அதற்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் அதன் ஜோடியான பொதுச்சாவி இன்னாருடையது என்று, உங்கள் ஆவணங்களைச் சரிபார்த்து, வீடியோவில் முகத்தையும் பார்த்துச் சான்றளிப்பு நிறுவனம் சாட்சி சொல்கிறது. டிஜிட்டல் சான்றிதழ் என்பது அந்தச் சாட்சிதான். 1978-இல் லோரன் கோன்ஃபெல்டர் என்ற, அமெரிக்காவின் எம்ஐடி மாணவர் தம் ஆய்வேட்டில் முன்வைத்த யோசனை இது.

ஆனால் அந்தச் சாட்சி உங்கள் முகத்தைப் பார்ப்பது சான்றிதழ் வாங்கும்போது மட்டும். காலாவதியாகும் வரை பின் எண்ணைத் தட்டுகிற விரல் யாருடையது என்று எந்தக் கணினியும் கேட்பதில்லை. சிலர் சான்றிதழ் விண்ணப்பத்திலேயே அலுவலகப் பையனின் மொபைல் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். சாவியை உங்களோடு கட்டிய முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடுகிறது.

காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தாம் பார்த்தே இராத படிவம் ஒன்றில் தம் கையொப்பம் இருப்பதைக் கண்டு என்னிடம் வந்தார். "இது நான் போட்டதில்லை தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தாளில் போட்ட கள்ளக் கையெழுத்தைச் சுழியை வைத்துப் பிடித்துவிடலாம். இதில் யார் போட்டாலும் அசல் கையொப்பம்தான். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ரகசியச் சாவியைக் கவனமாக வைத்திருப்பது உங்கள் கடமை என்கிறது. அது பிறர் வசம் போய்விட்டால் உடனே சான்றளிப்பு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை பொறுப்பு உங்களுடையது.

சீசனில் பெங்களூரா மாங்காய் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும்போது படிவத்துக்கு எங்கே உட்காருவது என்பீர்கள். அந்த நெருக்கடியை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுப்பீர்களா? இந்த வாரமே போய் டோக்கனை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரைக் கிழித்து, பின் எண்ணை மாற்றுங்கள். தாக்கல் செய்ய வேண்டிய நாளில் டோக்கனோடு நீங்களே வந்து உட்காருங்கள். பெரும்பாலும் பத்து நிமிட வேலைதான். டோக்கன் தொலைந்திருந்தால் சான்றிதழை ரத்து செய்யச் சொல்லுங்கள்.

பின் எண்ணை மாற்றத் தெரியாதவர்கள் என் கடைக்கு வாருங்கள், காசு வேண்டாம். நீங்கள் தட்டும்போது நான் வெளியே நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்துபவன்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி