காசிமேட்டுப் படத்தைக் கழற்றிவிட்டேன்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மகள் பிளஸ் டூ வந்துவிட்டாள், அதனால் வீட்டில் டிவி ஓடுவதில்லை. பெரம்பூரில் மழை இன்னும் பிடிக்கவில்லை, சாயங்காலமானால் இடி மட்டும் இடிக்கிறது.

கரிசல் காட்டை மாதத்துக்கு ஒரு படமாக வாட்டர்கலரில் வரைகிற உன் வரிசையில், பன்னிரண்டு மாதத்தில் ஆறு முடித்துவிட்டேன், ஐப்பசியில் நிற்கிறேன், நான்கு தாள் கிழித்தாயிற்று, விட்டுவிடவா என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. என் மாடி அறையில் ஒரு படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உனக்கு என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை அந்தக் காசிமேட்டுப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். அதன் பிறகுதான் இதை எழுத முடிகிறது.

உனக்குத் தெரியும், அது 2018 மே மாதம், காசிமேடு துறைமுகத்தில், மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கியது. 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். இரண்டு படகுக்கு நடுவே விழுந்த நிழலில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி, இழுத்துப் பிடித்து, கண்ணியைப் பார்க்காமலே கை ஓடியது. அந்தக் கைக்காகத்தான் 4 அடிக்கு 3 அடி கான்வாஸ் வாங்கினேன்.

ஒவ்வொரு நாளும் வேலையை முடித்ததும் போனில் ஒரு போட்டோ எடுத்து வைக்கிற வழக்கம். ஞாயிறு காலை எல்லாவற்றையும் முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தேன். 2019 ஆகஸ்டில் எடுத்த ஒன்றில் விரல் நின்றுவிட்டது. வானம் மெல்லிய ஒரே பூச்சு, கான்வாஸின் மண் நிறம் உள்ளேயிருந்து தெரிகிறது. பெரியவரின் முதுகு நான்கே தீற்றல். உயிரோடு இருக்கிறார். அன்றைக்கு அந்த வானம் எனக்குப் போதவில்லை, அழுத்தினேன். வானம் கனத்ததும் படகு வெளுத்துப்போனது, படகை ஏற்றினேன். படகு ஏறியதும் நிழலுக்கு ஆழம் இல்லை. நிழலை இறக்கினேன், பெரியவர் அதற்குள் போய்விட்டார். அப்புறம் ஐந்து வருடம் நான் செய்தது அவரைத் திரும்ப வெளியே இழுக்கிற வேலைதான். படம் 2019-லேயே முடிந்திருக்கிறது நண்பா. எனக்குத் தெரியவில்லை.

கழற்றும்போது ஆணிகள் துருப்பிடித்து உடைந்தன. கான்வாஸின் பின்பக்கம் இத்தனை மழைக்காலத்துப் பூஞ்சை, சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக. நனைந்த ஜமக்காளம் மாதிரி கனம். லேசாக மடங்கிய இடத்தில் நீலம் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் எண்ணெய் கூடுதலான கனத்த பூச்சு, அது காய்வதற்குள் மேலே டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு. மேலே உள்ளது முதலில் காய்ந்து இறுகிவிடும், அடியில் உள்ளது அப்புறமும் அசைந்துகொண்டிருக்கும், வெடிக்கத்தான் செய்யும். கல்லூரியில் முதல் வருடமே படித்த பாடம். அவசரத்தில் கை அதை மறந்திருக்கிறது.

ஆனால் நான் முடிவெடுத்தது வெடிப்பைப் பார்த்து இல்லை. காசிமேட்டுக்குக் கடைசியாக எப்போது போனேன் என்று யோசித்தேன். 2020 தொடக்கம். பெரம்பூரிலிருந்து அரை மணி நேரத்தில் போகிற இடம். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அந்த நிழலைப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. படத்தைப் பார்த்தே படத்தை வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். இது புரிந்ததும், கழற்றிய கையில் தயக்கம் இல்லை.

போன மாதம் மகளை மாமல்லபுரம் கூட்டிப்போயிருந்தேன். ஐந்து ரதங்களில் தர்மராஜ ரதத்தை அவளுக்குக் காட்டினேன். மேல் தளங்களில் தெய்வ உருவங்கள் அத்தனை நேர்த்தி, கீழ்த்தளம் முடிக்காமல் நிற்கிறது. உச்சியிலிருந்து கீழே இறங்கிச் செதுக்கியிருக்கிறார்கள். அதனால் எந்த நாளில் உளியைக் கீழே வைத்தாலும், அதுவரை செய்தது முழுசாக நிற்கும். உங்கள் கழுகுமலை வெட்டுவான் கோயிலும் அப்படித்தானே? விமானத்தில் அந்தச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, அடியில் முடியாமல் நிற்கிற பாறையைக் குறையென்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. என் கான்வாஸில் அப்படி இல்லை, மூலைக்கு மூலை எல்லாமே பாதியில் நின்றது.

உன் வேலை அந்தக் கோயில் மாதிரி. சித்திரை முதல் புரட்டாசி வரை ஆறும் தனித்தனியாக முழுசு. வெயிலில் வெடித்த கரிசலை நீ போட்ட சித்திரைப் படத்தை இன்னும் என் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். இத்தோடு நிறுத்தினாலும் எதுவும் வீணாகாது. ஆனால் நிறுத்தாதே என்றுதான் சொல்வேன். ஏனென்றால் அதே கடிதத்தில், விதைப்புக்கு முந்தின நாள் விடிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஈர மண்ணை மிதித்துவிட்டு வந்ததை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். செருப்பில் ஒட்டின மண் எத்தனை கனம் என்பதுகூட இருக்கிறது. உனக்கு அந்த மண் இன்னும் தீரவில்லை.

நனைந்த கரிசலுக்கு ட்யூப் கறுப்பைத் தொடாதே, செத்துப்போகும். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கெட்டியாகக் கலந்து ஒரே தடவையில் வை. திரும்பத் தேய்த்தால் தாள் பஞ்சாகிவிடும், நீ கிழித்த நான்கும் அப்படிப் போனவை என்றுதான் நினைக்கிறேன். அதற்கும் சரிவராவிட்டால் ஐப்பசியை ஓரமாக வைத்துவிட்டுக் கார்த்திகைக்குப் போ. வரிசையாக வரைய வேண்டும் என்று யார் சொன்னது?

உனக்கு ஒரு கெடு இருந்தாலும் நல்லது. காலண்டர் சாமிப் படங்கள் வரைந்த கொண்டையராஜு வாழ்ந்த கோவில்பட்டியில் இருக்கிறாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பெருக்குக்கு சிவகாசியில் காலண்டர் ஆல்பம் வெளியாகும், படம் அதற்கு முன்னாலேயே அச்சுக்குப் போயாக வேண்டும். இன்னும் ஒரு வாரம் இருந்தால் முகத்தைச் சரிசெய்வேன் என்று ஓவியர் சொல்ல முடியாது. அடுத்த ஆடிப்பெருக்கை நீயும் வைத்துக்கொள்.

கான்வாஸ் முழுவதையும் எறியவில்லை. வலது ஓரத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு அடி, பெரியவரின் கையும் கட்டைவிரலில் மாட்டிய வலையும் இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். 2019-க்கு அப்புறம் அந்த இடத்தை நான் தொடவே இல்லை, அங்கே ஒரு வெடிப்பும் இல்லை. அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். மீதியைச் சுருட்டிப் பரணில் போட்டாயிற்று.

என்னிடம் வாட்டர்கலருக்கான கனமான பருத்தித் தாள் (300 ஜிஎஸ்எம்) எட்டு இருக்கிறது, நான் வாட்டர்கலர் தொடுவதில்லை. நாளைக்குப் பார்சலில் போடுகிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஐப்பசியைப் பார்க்க வேண்டும். நானும் வருகிற சனிக்கிழமை விடிகாலை சின்ன நோட்டு ஒன்றோடு காசிமேடு போகிறேன்.

அம்மாவிடம் என் நமஸ்காரம் சொல். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்.

அன்புடன்,
உன் பெரம்பூர்க்காரன்