உப்புத்தாள் போடும்போது பறக்கும் தூசு

அன்புள்ள மாப்ளை,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. மகனும் மரக் கடைசல் பட்டறைக்கு வந்துவிட்டான், சொப்புச் சாமானுக்கு நல்ல ஓட்டம் என்றெல்லாம் படித்து மனசு நிறைந்தது. ஆனால் கடைசி வரியில் 'காலையில் கொஞ்சம் இருமல், தூசுதான்' என்று எழுதியிருந்தாய் பார், அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

நமக்கு அம்பாசமுத்திரத்தில் உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பெரியவர் இருமுவாரே, நினைவிருக்கிறதா? பீடி என்று நினைத்தோம். பீடி பாதி, தூசு பாதி என்று இப்போது தோன்றுகிறது.

போன வருஷம் ஒரு ஈட்டி மரக் கட்டையில் கிண்ணம் கடைந்தேன். உப்புத்தாள் போட்டு முடித்த ராத்திரியே கண் இமை வீங்கி, கை முழுக்கத் தடிப்பு. ஈட்டி, தேக்குத் தூசு சிலருக்கு அப்படி ஒவ்வாமை கொடுக்கும், ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே கிளம்பிவிடும் என்றார் டாக்டர். மறுநாள் காலை பட்டறையைத் திறந்தேன். கூரைக் கண்ணாடி ஓடு வழியாக வெயில் கம்பி மாதிரி இறங்கியது. கடைசல் மெஷினைப் போட்டு அரைமணி நேரம் வேலை பார்த்து நிறுத்தினேன். நிறுத்தி வெகுநேரம் ஆகியும் அந்த வெயிலுக்குள் தூசு மிதந்துகொண்டே இருந்தது. வெயில் விழாத இடத்தில் காற்று சுத்தமாகத் தெரிந்தது. எல்லா இடத்திலும் அதே காற்றுதானே!

உளியில் வரும் சுருள் கீழே விழுந்துவிடும், அதனால் கெடுதல் குறைவு. உப்புத்தாள் நம்பர் 220, 400 என்று ஏற ஏறத் தாள் நைசாகி, தூள் மாவாகிறது. அதில் பத்து மைக்ரானுக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும், கீழே உள்ளது வெகுநேரம் இறங்காது, மூச்சோடு நெஞ்சுக்குள் போய்விடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டது. முக்கியமாக மூக்கிலும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வருவது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, உன் மகனும் அங்கே நிற்கிறான் என்பதால் சொல்கிறேன்.

மூக்கில் துண்டு கட்டிக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். அதை இன்றைக்கே விட்டுவிடு. பொடித்தூசு துணிக்குள் புகுந்து வந்துவிடும். அதைவிட, முனை அவிழ்ந்து சுற்றுகிற கட்டையில் மாட்டினால் கழுத்தோடு இழுக்கும். என்95 முகக்கவசம் நல்லதுதான், ஆனால் கன்னத்தில் ஒட்டி இருந்தால்தான் பயன். நீ மாலை போட்டுத் தாடி வளர்க்கிற நாளில் ஓரமெல்லாம் காற்றுப் போகும்.

தூசைக் கிளம்புகிற இடத்திலேயே பிடிக்க வேண்டும், மாப்ளை. நான் ஒரு குதிரைச்சக்தி உறிஞ்சு மோட்டார் வாங்கி நாலு அங்குலக் குழாய் இழுத்தேன். முதலில் குழாயின் வாயைக் கட்டையிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது. குழாய் வாயிலிருந்து நாலு அங்குலம் தள்ளினாலே இழுப்பு பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு அடியில் புகை தன் பாட்டுக்கு மேலே போனது. இப்போது எண்ணெய் டின்னை வெட்டி அகல வாயாக்கி, கட்டைக்குப் பின்னால் கொஞ்சம் தாழ்த்தி, கை இடிக்காத அளவுக்கு நெருக்கி வைத்திருக்கிறேன்.

ஏன் தாழ்த்தி என்றால், கட்டையின் மேல்பக்கம் நம்மை நோக்கி வந்து கீழே இறங்குகிறது. தாளை மேலே வைத்தால் தூசு முகத்துக்கு வரும். முன்பக்கம் கீழே பிடித்தால் அடியில் பாய்ந்து பின்னால் போகும், குழாய் வாய் அங்கே காத்திருக்கும். வேகத்தையும் கடைகிற வேகத்தில் பாதிக்குக் குறைத்துவிடு. சூடும் குறையும், தூசும் சிதறாது.

மோட்டாரின் துணிப்பையைப் பட்டறைக்குள் மாட்டாதே. பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு பொடியைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதும். என்னுடையது சுவருக்கு வெளியே, தகரத் தாழ்வாரத்தில் இருக்கிறது.

அகப்பை, பூரிக்கட்டைக்கு நான் தேங்காயெண்ணெய் தடவி அதன்மேலேயே தாள் போடுகிறேன். தூள் குழம்பாகிவிடும், பறக்காது. சொப்புக்கு மட்டும் இது வேண்டாம், எண்ணெய் பட்ட கட்டையில் அரக்கு பிடிக்காது. அதற்குக் குழாய்தான் வழி. உளியை நன்றாகத் தீட்டினால் 80-ஆம் நம்பர் சொரசொரப்புத் தாளே தேவைப்படாது என்பதை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய், மகனுக்கும் சொல். சாயங்காலம் கம்ப்ரசரால் ஊதிச் சுத்தம் செய்வதையும் நிறுத்தச் சொல். அடங்கின தூசையெல்லாம் அது எழுப்பிவிடும். ஈரத்துணி போதும்.

மதினியைக் கேட்டதாகச் சொல். இருமல் பதினைந்து நாளைத் தாண்டியிருந்தால் டாக்டரிடம் போ, தள்ளிப்போடாதே. பொங்கலுக்கு வரும்போது டின்னும் குழாயும் நானே கொண்டுவருகிறேன். உன் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று மட்டும் அளந்து எழுது.

அன்புடன்,
உன் மாப்ளை
கோயம்புத்தூர்